கொட்டகையில் நிற்கும் 1968 ஜிடிஓ: விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். என் கணவரின் அப்பா போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய 1968 பான்டியாக் ஜிடிஓ கார் இருபது வருடத்துக்கு மேலாகக் கொட்டகையில் நிற்கிறது. துரு பிடித்திருக்கிறது, ஓடாது. மாமியார் விற்கச் சொல்கிறார். தெரிந்த மெக்கானிக், “பெயின்ட் அடித்து ஓட வைத்தால் இரண்டு மடங்கு விலை போகும்” என்கிறார். இன்னொருவர் பார்த்த கையோடு 6,000 டாலர் ரொக்கம் தருகிறேன் என்றார். என்ன செய்யலாம்?

பதில்: பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இந்த மாதிரி காரைத் தேடி வருபவர், தன் கையால் சீர்செய்யும் ஆசையோடுதான் வருகிறார். துரு எங்கே, எவ்வளவு என்று கண்ணால் பார்த்தால் கணக்குப் போட்டு ஒரு விலை சொல்வார். புதுப் பெயின்ட்டைப் பார்த்தாலோ, அடியில் எவ்வளவு பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களோ என்று சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுப்பார் (பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது). அங்கே ஒழுங்காக டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிக்க 10,000 டாலர் தாண்டிவிடும். அந்தப் பணம் விலையில் திரும்பி வராது. மெக்கானிக் சொல்லும் ‘இரண்டு மடங்கு’ அவருடைய கூலிக் கணக்கு.

அப்படியானால் எதைக் காட்டி விலை கேட்பது? எண்களை.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக ஓட்டுநர் பக்க டேஷ்போர்டின் மேல் பாருங்கள். சின்னத் தகட்டில் வின் எண், அதாவது காரின் அடையாள எண், இருக்கும். 242 என்று ஆரம்பித்தால் அது பிறவி ஜிடிஓ. 237 என்றால் பான்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸ். பிற்பாடு யாரோ ஜிடிஓ பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் உடம்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் இந்தத் தில்லுமுல்லு சகஜம். அடுத்து வரும் 37 என்றால் ஹார்ட்டாப் (நிலையான கூரை), 67 என்றால் கன்வர்டிபிள் (மடக்கும் கூரை). அதற்கடுத்த 8 தான் 1968.

அப்புறம் பானெட்டைத் திறங்கள். எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்கமாக, சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் கூடவே கூடாது. எழுத்தின் ஓரம் தேய்ந்தால் போலி முத்திரையோ என்ற சந்தேகம் வந்துவிடும். அங்கே ‘டபிள்யூடி’ (WT) என்று இருந்தால் மேனுவல் கியரோடு வந்த 400 கன அங்குல எஞ்சின், ‘ஒய்எஸ்’ (YS) என்றால் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. இரண்டுமே 350 குதிரைத்திறன். பக்கத்திலேயே வின் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களும் அடித்திருக்கும். பான்டியாக் இதைத் தொடங்கியது 1968 மாடலில்தான். ஒரு வருடம் முந்திய கார் என்றால் இந்தச் சான்று உங்களுக்குக் கிடைத்திருக்காது. இது டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால் ‘மேட்சிங் நம்பர்ஸ்’, அதாவது காரோடு பிறந்த அதே எஞ்சின். ஓடாத காராக இருந்தாலும் விலை வேறு தளத்துக்குப் போய்விடும்.

பிஎச்எஸ் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) என்று ஒரு சேவை இருக்கிறது. வின் எண்ணும் கட்டணமும் அனுப்பினால், தொழிற்சாலைப் பதிவுகளின் நகலைத் தருவார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன கூடுதல் வசதிகள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். விற்பதற்கு முன் செலவழிக்க வேண்டும் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

எஞ்சினைச் சாவி போட்டு முறுக்காதீர்கள். இத்தனை வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேகமாகச் சுழற்றினால் இருப்பதும் கெடும். “ஓடுமா என்று சோதிக்கவில்லை” என்று எழுதினால் போதும். தூசியைக் கழுவலாம். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கித் தரை, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு, அடியில் ஃபிரேம், இந்த நான்கையும் மறைக்காமல் படம் எடுங்கள். கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் அதன் ஓரங்களையும். வினைலுக்கு அடியில் துரு சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும்.

சரி, பத்திரம். டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், இன்னும் மாமனார் பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழோடு மாமியார் கவுன்டி டைட்டில் அலுவலகத்துக்குப் போகட்டும். ஒஹாயோவில் உயிரோடிருக்கும் துணைக்கு, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. விற்கும்போது நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். “இப்போதே போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் காசோலை) கொடுத்தால் அவருடைய வங்கிக்கே கூடப் போய் வாங்குங்கள். அதில் போலி நிறைய.

விலைக்கு, பழைய கார்களுக்கு மதிப்புச் சொல்லும் ஹேகர்டி நிறுவனத்தின் பட்டியலைப் பாருங்கள். 1 (மிகச் சிறந்தது) முதல் 4 வரை தரம் பிரித்திருப்பார்கள். உங்கள் கார் 4-க்கும் கீழே. 1, 2-ஐப் பார்த்துக் கனவு காண வேண்டாம். பழைய கார்கள் விற்கும் ஹெம்மிங்ஸ், பிரிங் எ டிரெய்லர் தளங்கள், ஜிடிஓ சங்கத்தாரின் விளம்பரப் பகுதி, மூன்றும் சரியான இடங்கள். தெரு முனை விளம்பரத்தைவிட அங்கே விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

6,000 டாலர்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று நிறுத்தி வையுங்கள். அதற்குள் கொட்டகையின் அலமாரிகளை ஒரு தடவை அலசுங்கள். கழற்றி வைத்த கார்பரேட்டர், பானெட்டின் மேல் பொருத்தும் டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்), பழைய ரசீதுகள் எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. “அந்தக் கார்பரேட்டரை மட்டும் தனியாகக் கொடுங்களேன்” என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். எல்லாம் காரோடுதான் போக வேண்டும்.