சேவைச் சான்றிதழுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகள் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் கூட்டாளிகளுமாக 30 பேர். மாதம் ஒரு சமூக சேவை, அவ்வப்போது வெளியிலிருந்து ஒரு பேச்சாளர், ஒரு மத நல்லிணக்க நிகழ்ச்சி என்று தாங்களே பொறுப்பெடுத்து நடத்த ஆசைப்படுகிறார்கள். ஓர் அறக்கட்டளைக்காரர், தலைக்கு 500 ரூபாய் கொடுத்தால் பேச்சாளர், பேனர், 'அரசு பதிவு பெற்ற' சான்றிதழ் எல்லாம் தருவதாகச் சொல்கிறார். கல்லூரிச் சேர்க்கையில் அதற்கு மதிப்பெண் உண்டாம். தலைமையாசிரியர் தயங்குகிறார். பணம் கட்டலாமா? நம் மாவட்டத்தில் பிள்ளைகள் நல்லிணக்கம் என்று இறங்கினால் வம்பு வருமா?

பதில்: கட்ட வேண்டாம். 30 பேருக்கு 15,000 ரூபாய் ஆகிறது. உங்கள் மகள் நினைத்திருக்கும் வேலைகளுக்கு ஓராண்டில் அதில் பாதிகூடச் செலவாகாது.

மதிப்பெண் கதையை முதலில் முடித்துவிடுவோம். பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூவில் எடுக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணில் நடக்கிறது. மருத்துவம் நீட் மதிப்பெண்ணில். விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் வாரிசு, மாற்றுத்திறனாளி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீதம் என்று ஒதுக்கீடுகள் இருக்கின்றன. சமூக சேவைக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்தது 'அரசு பதிவு பெற்ற' என்ற சொல். ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் பதிவு செய்யலாம். மனைப் பத்திரம் பதிவானதால் அந்த மனையில் விளையும் மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, அரசு உத்தரவாதம் தருகிறதா என்ன? இதுவும் அப்படித்தான். 12ஏ, 80ஜி என்று எண்கள் போட்டிருந்தால் அவை வருமான வரிச் சங்கதி, சான்றிதழின் தரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தாளின் உச்சியில் மூன்று சிங்க முத்திரை இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். தனியார் அதை அச்சடிப்பதற்கு 2005-ம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டப்படி தண்டனை உண்டு. அப்படி ஒரு தாளை மகளின் சான்றிதழ்க் கோப்பில் வைப்பது, கள்ள நோட்டைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது போல.

இதைவிட மோசமான இன்னொரு வகை, இலவசமாக வரும் 'தன்னம்பிக்கைப் பேச்சாளர்'. ஒரு மணி நேரம் கைதட்ட வைப்பார், அழவும் வைப்பார். முடிந்ததும் 'கருத்துப் படிவம்' என்று ஒரு தாள் வரும். பெயர், அப்பா பெயர், வாட்ஸ்அப் எண், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்க ஆசை? அந்தத் தாளுக்காகத்தான் பேச்சே. வெளிமாநில நர்சிங் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டின் கைக்கு அது போகும். மே மாதம் உங்கள் போன் ஓயாமல் அடிக்கும்போதுதான் காரணம் புரியும். விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பேச்சாளரும் பிள்ளைகளின் எண்ணை வாங்கக் கூடாது, எதையும் விற்கவும் கூடாது. கருத்துத் தாள் வேண்டுமென்றால் பிள்ளைகளே எழுதி, வகுப்பாசிரியரே வைத்துக்கொள்ளட்டும்.

சரி, யார் பெயரில் செய்வது? பள்ளிக்குள் ஏற்கெனவே இருக்கும் அமைப்பின் பெயரில். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., இருக்கிறது. 1969-லிருந்து நடப்பது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240, ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. அதை முடித்தால் கிடைக்கும் சான்றிதழுக்கு ஒரு பைசா கிடையாது. பள்ளியில் என்.எஸ்.எஸ். அலகு இல்லையென்றால் இலக்கிய மன்றம், நுகர்வோர் மன்றம், பசுமைப் படை, ஏதாவது ஒன்று காகிதத்திலாவது உயிரோடு இருக்கும். அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பெயர் வைத்து, லோகோ போட்டு, டி-ஷர்ட் அடித்து ஆரம்பிக்கும் குழுக்கள் டி-ஷர்ட் வந்த வாரத்தோடு நின்றுபோகும்.

தலைமையாசிரியர் தயங்குவதில் நியாயம் உண்டு. 2024 செப்டம்பரில் சென்னையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டு அரசுப் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் பேச வந்தார். மாற்றுத்திறனாளிகளின் குறைபாட்டுக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்றார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். பேச்சாளர் கைதானார். இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். பேசுபவர் பேசிவிட்டுப் போவார், பெட்டி கட்டுவது தலைமையாசிரியர். மேலிடத்துக்கும் இதில் பங்குண்டு. நல்ல நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டுப் போன கோப்பு நகராது. ஆனால் உறுதிமொழி எடுத்த படத்தை மட்டும் பகல் 12 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி மூன்று முறை செய்தி வரும்.

ஆகவே அவருடைய பயத்தைக் குறைப்பது பிள்ளைகளின் வேலை. ஒரே பக்கக் கடிதம் போதும். அழைக்கப்படுபவர் யார், என்ன வேலை செய்கிறார், தலைப்பு என்ன, எத்தனை நிமிடம், எந்த வகுப்புகள், எந்த ஆசிரியர் உடனிருப்பார், எந்த நாள், இவ்வளவுதான். மூன்று வாரம் முன்னால் கொடுக்க வேண்டும். பேசப்போவதை ஐந்து குறிப்புகளாகப் பேச்சாளரிடமே எழுதி வாங்கிக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். ஐந்து வரி எழுதித் தர மறுக்கும் பேச்சாளர் வேண்டாம், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

ஆளைத் தேடி அலையவும் வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கேட்டால் வழக்கறிஞரை இலவசமாக அனுப்புவார்கள். தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தால் செயல்விளக்கம் காட்டுவார்கள். இவர்களைவிடவும் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பது 108 ஆம்புலன்சில் போகும் மருத்துவ உதவியாளர், ரப்பர் பால் வெட்டும் அக்கா, ஒக்கிப் புயலில் கடலில் மாட்டிக் கரை சேர்ந்த மீனவர் போன்றவர்களைத்தான். இவர்கள் மேடையில் பேசிப் பழகாதவர்கள். 'பேசுங்கள்' என்று விட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் பத்துக் கேள்வி தயார் செய்து ஒருத்தி கேட்க அவர் பதில் சொல்லட்டும். 25 நிமிடம் அது, 15 நிமிடம் துண்டுச் சீட்டில் எழுதி வரும் கேள்விகள். ஒரு பீரியடுக்குள் முடிய வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மொத்தப் பள்ளியையும் வெயிலில் நிறுத்தாதீர்கள். 60 பேர், ஒரு அறை. பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை, தலைமை என்று ஐந்து பேர் பேசிய பிறகு விருந்தினருக்கு எட்டு நிமிடம் மிஞ்சும் கூத்து வேண்டவே வேண்டாம்.

இனி உங்களுடைய உண்மையான பயம், நல்லிணக்கம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது ஒரு பெயர் மட்டும். பள்ளி அறையில் அதைப் பட்டிமன்றம் ஆக்க வேண்டாம். யார் தொடங்கினார்கள் என்ற கேள்வி ஐந்தாவது நிமிடத்தில் வரும், பிறகு யாராலும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது.

மூன்று மதத் தலைவர்களை ஒரே மேடையில் உட்கார வைக்கும் 'மும்மத விழா'வும் வேண்டாம். யார் நடுவில் உட்காருவது, யார் முதலில் பேசுவது, அச்சடித்த நோட்டீஸில் யார் பெயர் மேலே என்பதிலேயே பிணக்கு ஆரம்பிக்கும். அப்புறம் ஒரே மதத்துக்குள், அழைக்கப்படாத சபைக்காரர்களும் கேட்பார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது வரும் பழக்கம் மேடைப் பேச்சால் வருவதில்லை.

இங்கேதான் ஒரு நுணுக்கம். 30 பேரை ஆறு குழுவாகப் பிரிக்கும்போது 'உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்' என்றால் பஸ் வழித்தடப்படி பிரிவார்கள். நம் மாவட்டத்தில் பஸ் வழித்தடம் என்பது கடற்கரை, உள்நாடு என்ற பிரிவு. அதோடு மதம், சாதி, சபை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். மூன்று மாதத்துக்குக் குழுவை மாற்றக் கூடாது. மூன்றாவது வாரம் 'சார், எங்களை மாற்றுங்க' என்று கட்டாயம் வருவார்கள். மாற்றாதீர்கள்.

சாப்பாடும் அப்படித்தான். ஆளுக்கொரு பாத்திரம் வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்வது அழகாகத் தெரியும். நடப்பில், மாட்டிறைச்சி யார் பாத்திரத்தில், சைவம் யார் என்று மூடி திறந்த நிமிடமே தெரிந்து, ஒரு பிள்ளை ஒதுங்கி உட்காரும். பதிலாக ஒரே அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) கட்டன் சாயாவுமாக (பால் விடாத தேநீர்) முடியுங்கள். 30 பேருக்குத் தோல் உரித்த கிழங்கு 8 கிலோ. தண்ணீர் கொதித்த பிறகு கிழங்கைப் போட்டு, பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு மறுபடி வேக வைக்க வேண்டும். கட்டுக் கிழங்கு, அதாவது கசப்பும் நஞ்சும் உள்ள வகை, என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

வழிபாட்டு இடங்களுக்குப் பயணம் போகலாமா என்பதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. அதன் மூன்றாவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் யாரையும், அங்கே நடக்கும் மத போதனையிலோ வழிபாட்டிலோ அவர் சம்மதமின்றிக் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளரின் சம்மதம். ஓர் இடத்தின் கட்டடத்தையும் வரலாற்றையும் போய்ப் பார்ப்பது வேறு, ஆராதனை நேரத்தில் உள்ளே போய் நிற்பது வேறு. போனது பார்ப்பதற்காக இருந்தாலும், அங்கே ஒருவர் பிரசாதமோ நேர்ச்சையோ கையில் கொடுத்து, பிள்ளை வாங்கலாமா கூடாதா என்று விழித்து, அதை யாராவது படம் எடுத்துவிட்டால், எடுத்தவர் சொல்வதுதான் கதை. அதனால் எங்கே, எத்தனை மணிக்கு, உள்ளே என்ன நடக்கும், விரும்பாதவர் வெளியே நிற்கலாம் என்பதைத் தெளிவாக எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வீடு மறுத்தால் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகாமல், எல்லோரும் போகக்கூடிய வேறு இடத்துக்கு மாற்றுங்கள். திருவட்டாறு போன்ற கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சில கோவில்களில் பிற மதத்தவரை உள்ளே விடுவதில்லை. நல்லிணக்கம் என்று கூட்டிப் போய் நான்கு பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு வருவதைவிடப் போகாமலே இருக்கலாம். சிதறால் மலையில் சமணச் சிற்பங்களும் அங்கேயே பின்னால் வந்த பகவதி வழிபாடும் ஒரே பாறையில் இருக்கின்றன. சாமித்தோப்பில், எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்துக் குளிக்க 19-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் காலத்தில் ஏற்பட்ட முத்திரிக்கிணறு இருக்கிறது. எல்லாச் சாதியாரையும் கோவிலுக்குள் விட்ட திருவிதாங்கூர் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்த 1936-க்குப் பல பத்தாண்டுகள் முந்தியது அது. அங்கே போய் நின்றால் சகிப்புத்தன்மை பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

சேவை வேலைகளில் பிள்ளைகள் முதலில் சொல்வது கடற்கரைச் சுத்தம். செய்யலாம். ஆனால் 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை மறக்க வேண்டாம். கள்ளக்கடல் (கரையில் காற்றில்லாமலே திடீரெனப் பொங்கும் அலை) எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப் பக்கமே போகக் கூடாது. மற்ற நாளிலும் ஈர மணலைத் தாண்டக் கூடாது. காலை ஆறரை முதல் எட்டரை வரை. ஐந்து பேருக்கு 200 மீட்டர், இரண்டு பழைய உரச் சாக்கு, ரப்பர் கையுறை, கண்ணாடிக்குத் தனியாக ஒரு பெயின்ட் வாளி. ஊசி, மருந்துக் குப்பி கண்டால் தொடாமல் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, ஆசிரியரிடம் சொல்லுங்கள். மணலில் பாதி புதைந்த வலையை இழுக்காதீர்கள், அது யாருடையதாவது இருக்கும். எல்லோரும் தவறுவது கடைசியில்தான். படம் எடுத்துவிட்டுச் சாக்குகளைக் கரையிலேயே வைத்துவிட்டு வருவார்கள். சாயங்காலத்துக்குள் நாய்கள் கிழித்து, குப்பை பழைய இடத்துக்கே போயிருக்கும். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ முந்தின நாளே கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சாக்கைக்கூடக் கையில் எடுக்க வேண்டாம்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போனால் போனை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும். அங்குள்ள குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படம் போடுவது இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரத்த தான முகாமுக்கு ஆள் சேர்க்கலாம், தாங்கள் கொடுக்க முடியாது, 18 வயது ஆக வேண்டும். உண்டியல் குலுக்கி வசூல் செய்வது எந்தக் காரணத்துக்கும் கூடாது. சாலையில் பேரணி என்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும். பள்ளிச் சுவருக்குள் வேண்டியதில்லை.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். அக்டோபர் பாதி முதல் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் கைக்கு நிற்கும் மாதங்கள். பிறகு ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வாரத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தால், பள்ளிக்கும் மேலிடத்துக்குக் காட்ட ஒன்று கிடைத்துவிடும், பிள்ளைகளைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

சான்றிதழுக்குப் பதில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, இடம், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், செய்த வேலை, வந்தவர்கள், பொறுப்பாசிரியர் கையெழுத்து. அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பினால் எல்லா வரியிலும் ஒரே பேனா மை இருக்கும், பார்த்தவுடன் தெரியும். நாளைக்கு வெளிநாட்டுக் கல்லூரியிலோ வேலை நேர்காணலிலோ என்ன செய்தாய் என்று கேட்டால் அவள் திறந்து காட்ட வேண்டியது இந்த நோட்டைத்தான்.

அறக்கட்டளைக்காரர் மறுபடி வந்தால், கேட்பதையெல்லாம் எழுத்தில், தலைமையாசிரியர் பெயருக்கு, தொகையையும் குறிப்பிட்டு, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.