கட்டையில் பூ வெட்டலாமா?

கேள்வி: மகன் பழகிய மிருதங்கத்தின் தோல் கழன்று, கட்டை மட்டும் வீட்டில் கிடக்கிறது. அதில் தாமரை செதுக்கி, திரும்பத் தோல் போட்டால் நாதம் கெடுமா ஐயா? (ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நாதத்தை விடுங்கள் தங்கச்சி, அந்தத் தாமரை யார் கண்ணில் படப்போகிறது? வலந்தலை என்ற வலப்பக்கத் தோலிலிருந்து தொப்பி என்ற இடப்பக்கத் தோல் வரைக்கும் தோல்வார் நெருக்கமாக ஓடும், பூ அதற்குள் போய்விடும். தப்பித் தெரிகிற இதழும் வாரை இழுத்து இறுக்க இறுக்கத் தேயும். இதழ் விளிம்பு கூராக இருந்தால் வாரையும் அறுக்கும். மகன் திரும்ப வாசிப்பார் என்றால் அதில் உளி வைக்காதீர்கள்.

சும்மா விறாந்தையில் நிற்கட்டும் என்றால், சரி, தாராளமாக வெட்டுங்கள். மிருதங்கக் கட்டை பெரும்பாலும் பலாதான். பழைய பலா மேலே கறுத்திருக்கும், உளி பட்ட இடம் மட்டும் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். பயப்படாதீர்கள், வெளிச்சம் படப்பட அதுவும் கறுத்து ஒத்துவரும்.

கேள்வி: ஜெம்பே என்ற ஆப்பிரிக்கக் கைமேளம் ஒன்று வாங்கினேன். மேளக்கட்டை மொட்டையாக இருக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழம் செதுக்கலாம்? (ஒரு வாசகர், கல்கிசை)

பதில்: தம்பி, ஜெம்பேயின் ஊரான மேற்கு ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலும் ஒடுங்கிய கீழ்ப்பகுதியான காலில்தான் செதுக்குவார்கள். அகன்ற மேற்பகுதியான வயிற்றில் கயிறு ஓடுகிறது, அங்கே வெட்டி என்ன பயன்? தோல் உட்காரும் மேல் விளிம்பைத் தொடவே வேண்டாம்.

உளி எடுக்கமுதல் அடிவாய்க்குள் கையை விட்டு, கட்டை எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று தடவிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் ஒருதரம் அவமானப்பட்டேன். தெகிவளைப் பொடியன் ஒருவனின் ஜெம்பேயில் மீன் வெட்டினேன். செதில் எல்லாம் அழகாக வந்தது. கண்ணைக் கொஞ்சம் ஆழமாக்குவோம் என்று கொட்டாப்புளியால் ஒரு தட்டு, அவ்வளவுதான், கண் வழியாக மறுபக்கம் தெரிந்தது! மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இப்போது இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இறங்குவதில்லை.

மேளத்தைக் கிடத்த, மண் நிரப்பிய அரிசிச் சாக்கு போதும், உருளாது. எல்லைக்கோட்டை முதலில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேலிருந்து கீழாக வெட்டும்போது உளி மரத்தின் நாரோடு ஓடிவிடும், பிறகு பிடிக்க முடியாது.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு பூச்சு, தோலில் படாமல். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, காலி வீதித் தூசு முழுக்க வந்து ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: இலங்கை மேளங்களில் இப்படிச் செதுக்கும் வழக்கம் உண்டா? (ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கண்டிய நடனத்துக்கு வாசிக்கும் ‘கெட்ட பெரய’ என்ற மேளத்திலும் வார்தான் கட்டையை மூடிக்கொள்கிறது. நம் உடுக்குப் போன்ற உடெக்கியவுக்கு அரக்கு வர்ணம் பூசுவார்கள். ஆனால் கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்தில் மேளம் வாசிக்கும் மண்டபத்து மரத்தூண்களைப் பாருங்கள்: இருதலைப் பறவை, கழுத்துப் பின்னிய அன்னங்கள், மல்லர்கள். மேளத்தில் விட்டதையெல்லாம் தூணில் வெட்டியிருக்கிறார்கள். போகும்போது தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். அந்த அன்னம் ஜெம்பேயின் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.