"ஆள் எப்படி?"

கேள்வி: என் வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன். அப்படியும் 'தொழிலில் பெயர் எடு, பெயரைக் காப்பாற்று' என்கிறார்கள். பெயர் என்பது தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குத்தானே கிடைக்கிறது?

பதில்: விளம்பரத்துக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஒருவரிடம் புதிதாக வேலையை ஒப்படைக்க நினைப்பவர், அவரோடு பழகிய யாரையாவது போனில் பிடித்து, "ஆள் எப்படி?" என்றுதான் கேட்பார். "தாராளமா கொடுங்க" என்று உடனே பதில் வந்தால் வேலை உங்களுக்கு. "வேலை தெரிஞ்சவர்தான்..." என்று கொஞ்சம் இழுத்தால், போயிற்று. அந்த இழுவைக்குக் காரணம் என்ன என்று உங்களிடம் யாரும் வந்து சொல்லப் போவதில்லை. வர வேண்டிய வேலை வராது, அவ்வளவுதான்.

ஒழுங்காகச் செய்கிறீர்கள், நல்லது. ஆனால் அது செய்து முடிக்கும்வரை அடுத்தவருக்குத் தெரியாதே! சில தொழில்களில் முடித்த பிறகும் தெரியாது. தணிக்கையாளரின் கையெழுத்து அப்படித்தான். கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. கையெழுத்தை நம்பிப் பணம் போடுகிறார்கள். 1913-ல் சிகாகோவில் தொடங்கிய ஆர்தர் ஆண்டர்சன், அந்த நம்பிக்கையில்தான் உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றானது. 2001-ல் என்ரான் என்ற பெரிய அமெரிக்க எரிசக்தி நிறுவனம் கவிழ்ந்தது. அதன் கணக்குக்குச் சான்று தந்த ஆண்டர்சனின் அலுவலகத்தில் என்ரான் ஆவணங்களைக் கிழித்துப் போட்டதும் வெளியே வந்தது. தீர்ப்பு வரும்வரைகூட வாடிக்கையாளர்கள் பொறுக்கவில்லை, வரிசையாக விலகினார்கள். 2002-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. ஆனால் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் அதற்குள் கலைந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் என்ரான் கோப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு மனது ஆறாத விஷயம் இதுதான். சிலர் செய்த காரியத்துக்கு, அந்தப் பெயரின் கீழ் வேலை பார்த்த அத்தனை பேரும் விலை கொடுத்தார்கள்.

அதனால் பெயர் விஷயத்தில் கூச்சப்படாமல் அக்கறை காட்டுங்கள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது முடியாது என்று புதன்கிழமையே தெரிந்தால், புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போனை எடுக்காமல் இருப்பதுதான் பெயரைக் கெடுக்கும். தாமதத்தைப் பலரும் மன்னிப்பார்கள், ஒளிந்துகொள்வதை மன்னிக்க மாட்டார்கள். கணக்கில் பிழை என்றால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே காட்டுங்கள். கைவராத வேலையைக் கைவராது என்று சொல்வதற்கும் தயங்க வேண்டாம். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: பதில் போடாமல் விட்டுவைத்த கடிதங்களை எடுத்து, மிகப் பழையதிலிருந்து பதில் எழுத ஆரம்பியுங்கள்.