கேஸ்ட்ரிக், நெஞ்செரிச்சல், வயிற்று அமிலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேஸ்ட்ரிக் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்: காலையில் கோப்பி-ஓ மட்டும் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவேன். பதினோரு மணிக்கெல்லாம் நெஞ்சு எரியும். ஸ்கோப் (வயிற்றுக்குள் கேமரா குழாய்) விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அமிலம் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்து பார்க்க முடியாதா டாக்டர்?

முடியும், ஆனால் உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டு, வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை சாற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்புறம் அமிலத்தைத் தூண்டும் பென்டகாஸ்ட்ரின் ஊசி போட்டு இன்னொரு மணி நேரம் அதே வேலை. அல்சருக்குக் கத்தி வைத்த காலத்தில் இது சகஜம். இப்போது அமிலத்தைச் சுரக்க வைக்கும் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கண்டபடி சுரக்கும் கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால்தான் அந்தப் பக்கம் போகிறோம், அதற்கும் முதலில் ரத்தத்தில் காஸ்ட்ரின் அளவைத்தான் பார்ப்போம்.

நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சுரக்கும் அளவில் கோளாறு ஒன்றுமில்லை. பிஎச் 1, 2 என்று இருக்கும் சாறு (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை) இரைப்பைக்குள் கிடக்கும்வரை தொல்லையில்லை, அதைத் தாங்க அங்கே சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. கீழே உள்ள வால்வு நேரங்கெட்ட நேரத்தில் திறந்துகொண்டால் எரியத்தான் செய்யும். ஆகவே கேட்க வேண்டியது, அமிலம் எவ்வளவு என்பதை விட எங்கே போகிறது என்பதை. ஒன்று மட்டும்: படியேறும்போது நெஞ்சு அழுத்தினாலோ மூச்சு வாங்கினாலோ கேஸ்ட்ரிக் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செங்காங் வாசகி: 24 மணி நேர பிஎச் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கஞ்சி மட்டும் குடித்தால் போதுமா?

ஐயோ, வேண்டாம்! இதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். நூடுல்ஸ் போன்ற மெல்லிய வயரை மூக்கு வழியாக இறக்கி, அதன் உணர்கருவியை வால்வுக்கு 5 செ.மீ. மேலே நிறுத்துவார்கள். மறுமுனை இடுப்பில் தொங்கும் சின்ன ரெக்கார்டரில். சாப்பிடும்போது ஒரு பட்டன், படுக்கும்போது ஒன்று, எரிந்தால் ஒன்று. உணவுக்குழாயில் பிஎச் 4-க்குக் கீழே இறங்கிய நேரம் மொத்தத்தில் 6 சதவீதத்துக்கு மேல் போனால் எதுக்களிப்பு, அதாவது அமிலம் மேலே ஏறுவது, உறுதி. 4 சதவீதத்துக்குக் குறைவென்றால் சாதாரணம். இடைப்பட்டது இழுபறி, மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் நல்லபிள்ளையாகக் கஞ்சி குடித்துவிட்டு எட்டு மணிக்கே படுத்தால் ரெக்கார்டரும் நல்லபடியாகவே எழுதும், தொல்லை மட்டும் வீட்டிலேயே இருக்கும். வழக்கமான பிரியாணி, வழக்கமான தே தாரிக், வழக்கமான நேரம். மூக்கில் வயரோடு எம்ஆர்டி ரயிலில் போகக் கூச்சமாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 7 நாள்.

பிடோக் வாசகர்: அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மாத்திரையைத் தினமும் இரவு சாப்பிட்டபின் போடுகிறேன். பலனே இல்லை.

நேரம்தான் கோளாறு. அமிலத்தை வெளியேற்றும் பம்ப்கள் வெறும் வயிற்றில் பெரும்பாலும் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும். தேக்காவில் பிரியாணி வாசம் மூக்கில் ஏறினாலே மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு வேலையைத் தொடங்கிவிடும், உணவு உள்ளே போனதும் காஸ்ட்ரினும் ஹிஸ்டமினும் சேர்ந்துகொள்ளும், அப்போதுதான் பம்ப்கள் மேற்பரப்புக்கு வரும். வேலை செய்கிற பம்பைத்தான் இந்த மருந்து பிடிக்கும். அது ரத்தத்தில் நிற்பதோ சில மணி நேரம்தான். அதனால் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடுங்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். மாதக்கணக்கில் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் அமிலம் சில வாரம் துள்ளும். அது நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை, டாக்டரிடம் சொல்லி மெல்லக் குறையுங்கள்.

ஈசூன் வாசகி: எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களே, தாங்க முடியவில்லை.

தாங்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் குடிக்கும் யூரியாவை அந்தக் கிருமி உடைப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடைத்தான் மூச்சில் தேடுகிறார்கள். மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருந்தால் இருந்தும் இல்லை என்று காட்டும். ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம் இடைவெளி. நடுவில் எரிந்தால் அன்டாசிட் குடிக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். முன்பு அல்சரில் ரத்தம் கசிந்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தோ பாயோ வாசகர்: சமையல் சோடா கலந்த தண்ணீர் குடித்து, ஏப்பம் வரும் நேரத்தை வைத்து அமிலம் குறைவா என்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஏப்பம் வரும். வேறொன்றும் தெரியாது.

ஜூரோங் வாசகி: எரிச்சலுக்குப் பால் நல்லது என்கிறார் மாமியார். மிளகாயையும் நிறுத்தச் சொல்கிறார்.

பால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தைக் கூட்டிவிடும். மிளகாய் அமிலத்தைச் சுரக்க வைப்பதில்லை, ஆனால் ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் பட்டால் எரியும். சம்பல் சாப்பிட்டு ஒன்றும் செய்யவில்லை என்றால் சாப்பிடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.