மணலும் உப்புக்காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

களுவாஞ்சிகுடி வாசகி: எங்கள் கடற்கரைச் சிறுவர் பூங்காவில் ஊஞ்சல் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெல்டிங் பிடித்த இடமெல்லாம் துரு. குழாயை மாற்றுவதா, திரும்பப் பெயின்ற் அடிப்பதா?

குழாயில் பெரும்பாலும் பிழை இராது. ஜீ.ஐ. குழாயைக் காப்பது அதன் மேலிருக்கும் நாகப்பூச்சு (நாகம் என்றால் சிங்க் உலோகம்). வெல்டிங் சூட்டில் அது மூட்டைச் சுற்றி எரிந்துபோகும். அந்த இடத்தில் வெள்ளி நிறப் பெயின்றை இழுத்துவிட்டால் பார்வைக்கு நாகம் மாதிரி இருக்கும். காவல் ஒன்றும் செய்யாது.

முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்குங்கள். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். உப்பின் மேல் பெயின்ற் அடித்தால் உப்பு ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு வளர்ந்து பெயின்ற் கொப்பளமாகக் கிளம்பும். காய்ந்ததும் வயர் பிரஷால் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, அன்றைக்கே நாகத்தூள் கலந்த பிறைமர் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் அந்தப் பிறைமருக்கு ஏற்ற பெயின்ற் இரண்டு பூச்சு. சுரண்டியதை மறுநாளுக்கு விட்டால் ஓர் இரவுக் கடற்காற்றிலேயே திரும்பத் துரு படிந்துவிடும்.

பெயின்ற் வாங்குமுன், கால் மணலுக்குள் இறங்கும் இடத்தை ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். துரு ஆளைக் கொல்வது அங்கேதான். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ, அந்தக் கால் போய்விட்டது, பெயின்ற் காப்பாற்றாது. சங்கிலி மாட்டும் கொளுவியையும் பாருங்கள். மணல் அரம்போல அராவும். தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஊஞ்சலின் கொங்கிறீற் அடித்தளம் தலைகாட்டுகிறதா? காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். போடும்போதே அதன் தலை மணலுக்கு 40 சென்றிமீற்றர் கீழே இருக்க வேண்டும். பிள்ளைகள் விழும் இடத்தில் 30 சென்றிமீற்றர் இளக்கமான மணல் வேண்டும். மிதிபட்டு இறுகிய மணல் சீமெந்துக்குச் சமன், கிழமைக்கு ஒருதரம் மண்வெட்டியால் கிளறிவிடுங்கள். ஊஞ்சல் தொங்கும் உயரத்தின் இரு மடங்கு தூரம் முன்னும் பின்னும் வெறுமையாக இருக்கட்டும். 2.4 மீற்றர் உயரமென்றால் ஒவ்வொரு பக்கமும் 4.8 மீற்றர்.

அக்கரைப்பற்று விளையாட்டுக் கழகம்: கடலோர மணலில் கரப்பந்து மைதானம் போடப்போகிறோம். அளவும் திசையும் சொல்லுங்கள். எங்கள் பழைய கம்பங்கள் மாதத்துக்கு ஒருதரம் சாய்கின்றன.

ஆறு பேர் ஆடும் சாதாரண கரப்பந்து என்றால் 18 × 9 மீற்றர், சுற்றிவர 3 மீற்றர் வெளி. ஆகக் குறைந்தது 24 × 15 மீற்றர் நிலம். இருவர் இருவராக ஆடும் கடற்கரைக் கரப்பந்து என்றால் 16 × 8 போதும். வலை உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர், நடுவில் அளக்க வேண்டும்.

நீளவாட்டு வடக்குத் தெற்காகப் போகட்டும். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழும், மேற்கே விழும். கிழக்கு மேற்காகப் போட்டால் பின்நேர ஆட்டத்தில் ஓர் அணி முழுவதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்கும். வடக்குத் தெற்கில் இன்னொரு இலாபம்: பகலில் கடற்காற்றும், கச்சான் எனும் மேற்குக் காற்றும் (கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை) பக்கவாட்டில்தான் அடிக்கும். இரு அணிக்கும் ஒரே தொல்லை.

மூலை மட்டம் பார்க்க, ஒரு பாதியை 9 × 9 ஆக அளந்து குறுக்கே பிடியுங்கள். இரண்டு குறுக்கும் 12.73 மீற்றர் வர வேண்டும். நைலோன் கயிறு இழுபடும். அளவு நாடாவையே பாவியுங்கள்.

கம்பம் சாய்வதற்குக் காரணம் வலையின் இழுவை. உலர்ந்த மணல் அதைப் பிடித்து வைக்காது. பக்கக் கோட்டுக்கு அரை முதல் ஒரு மீற்றர் வெளியே, ஒரு மீற்றர் ஆழம் தோண்டி, கம்பத்தைவிடச் சற்றுப் பெரிய குழாயைக் கொங்கிறீற்றில் நிறுத்துங்கள். கம்பத்தை அதற்குள் இறக்கினால் மாரியில் கழற்றி வைக்கலாம், துருவும் குறையும். பின்னால் கம்பி இழுத்துக் கட்டுவது இங்கே வழக்கம்தான். ஆனால் பந்தைப் பார்த்து ஓடுகிறவனின் கால் அதில்தான் தடக்கும். ஆட்ட விதியும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், காற்றில் கண்ணுக்குள் போகும். 5 சென்றிமீற்றர் அகல நாடாவை மூலைகளில் புதைத்த கட்டையில் கட்டுங்கள்.

கொங்கிறீற் என்றவுடன் ஒரு கடிதமும் எழுத வேண்டியிருக்கும். கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். காணி பிரதேச சபையுடையதாக இருந்தாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்காமல் கட்டத் தொடங்காதீர்கள்.

ஏறாவூர் வாசகர்: பதுளையிலிருந்து உறவுப் பிள்ளைகள் வருகிறார்கள். கல்லடிக் கடலா, பாசிக்குடாவா?

குளிக்கப் பாசிக்குடா, காற்று வாங்கக் கல்லடி. பாசிக்குடாவில் முருகைக் கற்பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடும். இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். கல்லடிப் பக்கம் திறந்த கடல். அங்கே அலை உடையாமல், கலங்கலாக, அமைதியாகத் தெரியும் ஒரு பட்டைதான் வில்லங்கம்: கரைக்கு வந்த நீர் திரும்பி ஓடும் வழி அது. மலைநாட்டுப் பிள்ளைகள் அமைதியைக் கண்டு அதற்குள்தான் இறங்குவார்கள். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேறி, பிறகு அலையோடு வர வேண்டும். கார்த்திகை முதல் தை வரை எந்தக் கடலும் வேண்டாம். முகத்துவாரம் வெட்டிய நாட்களில் பாலமீன்மடுப் பக்கம் முழங்கால் நீரிலும் நிற்க வேண்டாம், வாவி நீர் அந்த வாயால் கடலுக்குப் பாயும்.

கல்லாறு வாசகி: பாடும் மீனைக் கேட்க எப்போது போக வேண்டும்?

மட்டக்களப்பு வாவிக்கடியில் இசைபோல எழும் அந்த ஒலிக்கு, சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணையை ஒட்டிய காற்றில்லாத இரவில். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட தோணியை நிறுத்தி, சவளின் (துடுப்பின்) ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வையுங்கள். மரச் சவள்தான் சரி. பாலத்தில் வாகன இரைச்சல் அடங்க நள்ளிரவு ஆகும். அதற்கு முன் போனால் மோட்டார்சைக்கிளைத்தான் கேட்டு வருவீர்கள். மாரியில் போய்ப் பயனில்லை.

சம்மாந்துறை வாசகர்: இங்கினியாகலைக்கு ஒரு நாளில் போய்வர முடியுமா?

தாராளமாக. அங்கே பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போகும்போது, யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணக் கிடைக்கலாம். விடியற்காலைப் படகைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் யானையும் காட்டுக்குள் போய்விடும், திறந்த படகில் நீங்களும் வெந்துபோவீர்கள். தொப்பியும் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் கொண்டுபோங்கள். மிதவை அங்கி தரவில்லை என்றால் ஏறாதீர்கள்.