மரணசாதனத்துக்கு (உயிலுக்கு) நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதிச் சான்றளிப்பவர், கட்டாயமா?

கட்டாயமில்லை. இலங்கைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னாலிருந்து கையெழுத்து வைக்கவேண்டும். ஆளாளுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய் வாங்கினால் வழக்கில் அங்கேதான் பிடிப்பார்கள். சொத்துப் பெறுகிறவரையோ அவரது துணையையோ சாட்சியாக்காதீர்கள். காணியென்றால் நொத்தாரிசிடம் போவதுதான் புத்தி.

யாழ்ப்பாணத்தில் அதைவிடச் சிக்கல் தேசவழமை, அதாவது அங்குள்ள தமிழருக்கான வழமைச் சட்டம். சாதனம் எழுதாமல் கணவன் இறந்தால், அவர் பேரிலுள்ள தேடியதேட்டத்தில் (மணவாழ்வில் விலைகொடுத்துத் தேடிய சொத்தில்) பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. முன்னோர் வழி வந்த முதுசக் காணியோ பிள்ளைகளுக்கே போகும். 'வீடு மனுசிக்குத்தானே' என்று இருப்பவர்கள் முதலில் உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்துப் பாருங்கள்: அந்த நாலு பரப்புக் காணி வாங்கியதா, தகப்பன் வழி வந்ததா?

சாதனத்தில் 'கோயிலடிக் காணி' என்று மட்டும் எழுதினால் போதாது. உறுதி இலக்கம், திகதி, காணிப் பெயர், பரப்பு, நாலு எல்லை எல்லாம் வரட்டும். சாதனத்தில் உள்ளபடி செய்துமுடிக்க நிறைவேற்றுநர் ஒருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். கனடாவிலிருக்கும் மகனைவிட ஊரிலிருப்பவர் வசதி. மூலப்பிரதி எங்கே என்று அவருக்குத் தெரியவேண்டும், நீதிமன்றம் அதைத்தான் கேட்கும்.

அற்றோனித் தத்துவம் (ஒருவர் சார்பில் செயற்பட மற்றவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதே என்று நம்பவேண்டாம். கொடுத்தவர் இறந்ததும் அது செத்துவிடும்.