மெடலுக்குப் பிறகு ஓடுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஓட்டம் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் போன ஆவணியில் ஓட ஆரம்பித்தேன். வயது 44. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஜனவரியில் சென்னைக்குப் போய் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை 2 மணி 34 நிமிடத்தில் முடித்தேன். மெடலோடு ரயில் ஏறியபோது, இனி சாகும்வரை ஓடுவேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் ஓய்வு என்று நிறுத்தியது ஆடி வரை நீண்டுவிட்டது.

இடையில் மூன்று முறை மறுபடி தொடங்கினேன். பழைய அட்டவணையை எடுத்து, முதல் நாளே 8 கிலோமீட்டர். பத்து நாளில் முழங்கால் வலிக்கும், இல்லையென்றால் மார்ச் கணக்கு முடிப்பு வந்துவிடும், அதுவும் இல்லையென்றால் வெயில். இப்போது காற்று. எங்கள் ஊர் ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. மெடல், வீட்டுச் சாவிகள் மாட்டும் ஆணியில் தொங்குகிறது. தினமும் பைக் சாவியை எடுக்கும்போது கையில் இடிக்கிறது. "அதுதான் ஓடி முடித்துவிட்டீர்களே, இன்னும் எதற்கு?" என்கிறாள் என் மனைவி. முழங்கால் தேய்ந்துவிடும் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். வீடு எட்டயபுரம் சாலைப் பக்கம், அலுவலகம் ஊருக்குள், 4 கிலோமீட்டர். காலை பத்துக்குப் போனால் திரும்ப இரவு எட்டாகிவிடும். இதற்குள் விடாமல் ஓடுவதற்கு ஒரு அட்டவணை அனுப்புங்கள்.

செ., கோவில்பட்டி

*

அன்புள்ள செ.,

அட்டவணை அனுப்பப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அட்டவணை நல்ல அட்டவணைதான். அதன் வேலை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களை 21.1 கிலோமீட்டர் கடக்க வைப்பது. கடக்க வைத்தது, அதோடு முடிந்தது. உங்கள் மனைவி கேட்டது குத்தல் பேச்சு அல்ல, நியாயமான கேள்வி. ஒரு தேதிக்காக ஓடினால் அந்தத் தேதி போன பிறகு ஓட என்ன காரணம் இருக்கிறது? கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். வீட்டுக் கூரையை யாரும் பிரிப்பதில்லை. நீங்கள் போட்டது பந்தல், இப்போது கேட்பது கூரை.

என் கதையைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் அச்சகம் மதுரையில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடு திருநகரில். ஏறக்குறைய 7 கிலோமீட்டர். முதல் இரண்டு வருடம் நானும் உங்களைப் போலத்தான், பந்தயம் வந்தால் ஓடுவேன், போனால் படுத்துவிடுவேன். ஒருநாள் பஸ் வரவில்லை. அச்சகம் ஏழு மணிக்குத் திறக்கவேண்டும். அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்தரைக்குக் கிளம்பி வேலைக்கு ஓடியே போகிறேன். திருப்பரங்குன்றம், பசுமலை, மூலக்கரை, பைக்காரா, பழங்காநத்தம் என்று பஸ் போகும் அதே சாலை. திரும்பும்போது பஸ். திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போதே வாரத்துக்கான மூன்று சட்டைகளும் இரண்டு வேட்டிகளும் துண்டும் அச்சக அலமாரிக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் பின்கட்டுக் குழாயில் இரண்டு வாளித் தண்ணீர். மெஷினை ஓடவிடும்போது தலை ஈரம் காய்ந்திருக்காது.

இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, இன்று ஓடலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை. வேலைக்குப் போகவேண்டும், ஆகவே ஓடுகிறேன். மனஉறுதி என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதை நான் நம்புவதை விட்டுவிட்டேன். இருட்டில் எழுந்து உட்கார்ந்துகொண்டு தன்னோடு தானே வாதாடுகிறவன் பத்தில் ஏழு நாள் தோற்றுவிடுவான்.

திருவிதாங்கூரில் அஞ்சல் ஓட்டக்காரர் என்று ஒரு வேலை இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. மணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு தபால் பையோடு ஓடுவார்கள். மணிச்சத்தம் கேட்டு வழிவிடுவார்கள். 1951-இல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. கடிதம் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக ஓடியவர்கள் அவர்கள். போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று இருக்கும்போது கால் தானாக நகர்கிறது.

அடுத்தது வேகம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த வரி "முதல் நாளே 8 கிலோமீட்டர்" என்பதுதான். மாதக்கணக்கில் சும்மா இருந்த காலை ஏன் இப்படித் தண்டிக்கிறீர்கள்? மூச்சு சீக்கிரம் பழகிவிடும், சில வாரத்தில் திரும்பிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படி அல்ல, அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று அதை நம்பி ஓடும் ஆள் பத்தாவது நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். வெயிலும் காற்றும் உங்களை நிறுத்தியிருக்கலாம், ஆனால் மூன்று முறையும் உங்களைப் பலவீனமாக்கியது அந்த முதல் நாள்தான்.

எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கீரைக்காரர். வேலைக்கு ஓட ஆரம்பித்த முதல் வாரம், பசுமலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சைக்கிளின் பின்னால் ஈரச் சாக்கில் கீரைக்கட்டுகளைச் சுற்றிக்கொண்டு, பழங்காநத்தம் உழவர் சந்தைக்குப் போகும் பெரியவர் பக்கத்தில் வந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிச் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. "தம்பி, யாருக்காவது உடம்பு சரியில்லையா? இப்படி ஓடுகிறீர்களே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். அவர் பயந்துபோய் மிதிப்பதை நிறுத்திக் காலை ஊன்றிவிட்டார். எனக்குத் துக்கமாக இருந்தது. வியாழக்கிழமை அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அவர் மிதிக்கும் வேகத்துக்கு வந்ததும் பேச முடிந்தது. அரைக்கீரைக் கட்டு என்ன விலை, மழை இல்லாததால் தண்டு முற்றிவிட்டது, பேத்திக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, எல்லாம் பேசிக்கொண்டே சந்தை வரை போனோம். அன்று அச்சகம் போய்ச் சேர்ந்தபோது களைப்பே இல்லை.

அந்த வேகம்தான். முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். உங்கள் அரை மாரத்தான் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 18 விநாடி ஆகியிருக்கிறது. அன்றாட ஓட்டத்துக்கு எட்டரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் காலத்தில் ஒன்பது. அடுத்தவர் பார்த்தால் நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சந்தேகம் வரட்டும். இந்த மெதுவான ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது, தசையில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உலகத் தரத்தில் ஓடுபவர்களே பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள் என்று, அவர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் சைலர் காட்டியிருக்கிறார். மூச்சிரைக்க ஓடுவதை அவர்கள் சில நாளுக்குச் சேர்த்துவைக்கிறார்கள். நாம்தான் தினமும் செலவழிக்கிறோம்.

ஜாகிங் என்று இன்று உலகமே சொல்வதன் தொடக்கமும் இந்த மெதுவான ஓட்டம்தான். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பிலேயே வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது தங்கம் அல்ல. ஆக்லாந்தில் நடுவயது கடந்தவர்களை, இதயநோய் கண்டவர்களைக்கூட, கூட்டமாக மெல்ல ஓட வைத்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் அங்கே போய் அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் திணறிவிட்டார். எழுபதைக் கடந்த, மாரடைப்பு கண்ட ஒரு முதியவர் பின்தங்கி அவருக்குத் துணையாக வந்தாராம். பவர்மேன் ஊருக்குத் திரும்பி அமெரிக்காவில் அந்தப் பழக்கத்தைப் பரப்பினார். அந்தப் பின்தங்கிய பெரியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் கீரைக்காரரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்.

முழங்கால் பற்றிச் சுருக்கமாக. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு அறிக்கை வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் சாதாரணமாக ஓடுபவர்களில் 100-க்கு 3.5 பேருக்கு, ஓடாதவர்களில் 10.2 பேருக்கு, போட்டி ஓட்டக்காரர்களில் 13.3 பேருக்கு. வலி உள்ளவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓடினால் தேய்ந்துவிடும் என்பவர்களுக்கு அந்த எண்களைக் காட்டலாம். உங்கள் வலி இன்னும் இருக்கிறதென்றால் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். 44 வயது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதோடு பார்த்துவிடுவது நல்லது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நான் வேலைக்கு ஓட ஆரம்பித்து நாலைந்து மாதம் இருக்கும். எங்கள் தெருவில் அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வீடு திரும்பியபோது என் மனைவி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "நான்கு டிரம்" என்றாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் இரண்டு டிரம் நான் தூக்கி ஊற்றுவேன். தண்ணீர் வந்த நேரத்தில் நான் மூலக்கரையில் கீரை விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தண்ணீரைப் பிடித்து, பிள்ளைகளுக்கு இரண்டு டிபன் கட்டி, வாசலைக் கழுவியிருக்கிறாள். என் ஓட்டத்தின் பாரத்தை மாதக்கணக்கில் அவள் கை சுமந்திருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை.

அன்றிரவே பேசினோம். ஓடும் நாளுக்கு முந்தைய இரவு மறுநாள் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. தண்ணீருக்கு ஒரு சிறிய மோட்டாரும் குழாயும் போட்டோம், அந்த வருடம் நான் வாங்க நினைத்திருந்த ஷூவின் பணம் அதற்குப் போனது. திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அவளுடைய நேரம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் டீச்சரோடு நடக்கப் போகிறாள், அடுப்படியில் நான் நிற்கிறேன். பிள்ளைகள் என் தோசையைத் தின்னப் பழகிவிட்டார்கள். நம் வீடுகளில் விடியற்காலை என்பது பெண்களின் தோளில் நிற்கிற நேரம், செ. அதிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிற ஆண், அது யாருடையது என்று கேட்டுவிட்டு எடுக்கவேண்டும். உங்கள் மனைவி "இன்னும் எதற்கு" என்று கேட்டபோது அவர் மனதில் இப்படி ஒரு டிரம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் உங்களைக் காலையில் ஓடச் சொல்லப்போவதில்லை. உங்கள் நாளில் வேறொரு இடம் காலியாக இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அந்த 4 கிலோமீட்டரை எப்படியும் கடந்துதான் வீட்டுக்கு வருகிறீர்கள். பைக்கில் பத்து நிமிடம். மெதுவாக ஓடினால் முப்பத்தைந்து. வித்தியாசம் இருபத்தைந்து நிமிடம்தான். வெயில் இறங்கியிருக்கும். மாற்றுச் சட்டை, குளியல் கவலை எதுவும் இல்லை, ஓட்டம் முடிகிற இடத்தில் வீடு இருக்கிறது. முதல் மாதம் இரண்டு மின்கம்பம் ஓட்டம், ஒரு மின்கம்பம் நடை என்று வாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்றாவது நாளைச் சேர்க்க அவசரம் வேண்டாம். வெளிர்நிறச் சட்டை போடுங்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, பிறகு நடந்து கடந்துவிடுங்கள். சாயங்காலம் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோர் குடித்துவைத்தால் நல்லது.

காற்று பற்றி எழுதியிருந்தீர்கள். ஆடியில் உங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. எட்டயபுரம் கிழக்கே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது அது உங்கள் முதுகில்தான் அடிக்கும்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பைக் சாவியை மெடலோடு ஆணியிலேயே விட்டுவிட்டு, ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போங்கள். புதன்கிழமை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.